தோத்த தொரையும் நாவலூர் டோல்கேட்டும்

வா நைனா, இப்படி உக்காரு. மொதல்ல கழுத்துல தொங்குற அந்த அட்டையைக் கழட்டிப் பாக்கெட்டுல வையி. ஏரிக்காத்துல ஆடி ஆடி என் மூஞ்சியிலயே அடிக்குது. இன்னா, ஒரு மாதிரி இருக்குற? ஓஹோ! அமெரிக்காவுல இருக்குற உன் கிளையன்ட்டு ஆளுக்கு ஒரு தேதி குடுத்து, அந்தத் தேதியில அவங்க நாட்டுல இன்னா இன்னா நடந்துச்சுன்னு அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லிட்டானா? உனக்கு விழுந்தது அக்டோபர் 19-ஆ? அத்த நெனச்சு ராத்தூக்கம் போச்சா? அது இன்னா உனக்குப் புதுசா? அமெரிக்காக்காரன் முழிச்சிருக்கசொல்ல நீயும் முழிச்சிருக்கணும்னுதான உனக்குச் சம்பளமே குடுக்குறான்.

ஜூலை 4 விழுந்திருந்தா வாணவேடிக்கை படம் ரெண்டு போட்டுட்டுப் போயிருப்ப. அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. தேதின்றது திண்ணை மாதிரி நைனா. ஒருத்தன் படுத்து எழுந்து போவான், நூறு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் வந்து காலை நீட்டுவான், ரெண்டு பேருக்கும் ஒரு ஒட்டும் இருக்காது. ஆனா இந்த அக்டோபர் 19-ல வந்து உக்காந்தவங்க இருக்காங்களே, அவங்கள்ல பல பேரு ஒண்ணு அங்கேர்ந்து நம்ம பட்டணத்துக்கு வந்தவங்க, இல்லாட்டி நம்ம பட்டணத்துலேர்ந்து அங்க போனவங்க. உன் கிளையன்ட்டு இத்த கனவுலகூட நெனச்சிருக்க மாட்டான்.

நாவலூர்ல மாடு மேய்ச்ச கெழவனுக்கு அமெரிக்கா சங்கதி எங்கேர்ந்து தெரிஞ்சுதுன்னு முழிக்காத. நான் கோட்டை மியூசியத்துல காவலுக்கு இருந்தவன். விடிகாலையில இந்த மாமல்லபுரம் ரோட்டுல பாரீஸ் பஸ்ஸைப் புடிச்சுப் போனா, பொழுது சாயற வரைக்கும் ஒரு கல்லுத் தொரையோட மூஞ்சியைத்தான் பார்த்துக்கினு நிக்கணும். ஆள் அசங்க மாட்டாரு, பேச மாட்டாரு, டீ குடிக்கக் கூப்பிட மாட்டாரு. அப்பால இன்னா பண்றது? அவரு யாரு, எவரு, எந்த ஊருன்னு விசாரிச்சேன். வர்ற பசங்களுக்கு வாத்தியாருங்க சொல்றத காது குடுத்துக் கேட்டேன். லைப்ரரியில தேடிப் படிச்சேன். அவருதான் கார்ன்வாலிஸ் தொரை. அவரு கதையே அக்டோபர் 19-லதான் ஆரம்பிக்குது.

1781-ம் வருஷம். அமெரிக்காவுல வர்ஜீனியா சீமையில யார்க்டவுன்னு ஒரு ஊரு, ஆத்தோரம், துறைமுகம். இங்கிலீஷ்காரப் படையை நடத்திக்கினு கார்ன்வாலிஸ் அங்க போயி குந்திக்கினாரு. கடல் வழியா கப்பல் வரும், ஆளு வரும், அரிசி பருப்பு வரும்னு கணக்கு. செப்டம்பர் மாசமே பிரெஞ்சுக்காரன் கப்பல்படை கடல் வாசலை அடைச்சுடுச்சு. தரைப்பக்கம் ஜார்ஜ் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவும் சுத்தி வளைச்சு, ராப்பகலா பீரங்கி. அக்டோபர் 19 அன்னிக்கி ஏழாயிரத்துக்கு மேல சிப்பாய்ங்க ஆயுதத்தைக் கீழ போட்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் படை வெளிய வந்து சரணடையணும்னு ஒப்பந்தம். இன்னிக்கி அக்டோபர் மாசக் கடிகாரக் கணக்குல அங்க ரெண்டு மணின்னா இங்க ராத்திரி பதினொண்ணரை; நல்லவேளை, தேதி மாறல. நீ ஷிஃப்ட்டுல நேரத்தைக் கூட்டிக் கழிச்சு வாழுறவன், உனக்கு அது புரியும்.

இப்ப கேளு, இதுதான் உனக்குப் பாடம். சரணடையுற நேரத்துல தளபதி வரணும், வாளை எடுத்துக் குடுக்கணும். அதுதான் முறை. கார்ன்வாலிஸ் இன்னா பண்ணாரு தெரியுமா? ‘ஒடம்பு சரியில்ல’ன்னு சொல்லிக்கினு உள்ளயே இருந்துட்டாரு. தனக்குக் கீழ இருந்த ஓஹாராகிட்ட வாளைக் குடுத்து அனுப்பிச்சாரு. ஓஹாரா போயி, வாஷிங்டனைத் தாண்டிக்கினு பிரெஞ்சுத் தளபதிகிட்ட நீட்டுனாரு. ஆயிரந்தான் இருந்தாலும் நேத்து வரைக்கும் தனக்குக் கீழ கைகட்டி நின்ன குடியானவன் கையில குடுக்க மனசு வருமா? ரோஷம்போ, அதோ அவருகிட்ட குடுன்னு வாஷிங்டனைக் காட்டுனாரு. வாஷிங்டன் லேசுப்பட்ட ஆளா? உங்க பெரியவரு வரலியா, அப்ப எங்க சின்னவருகிட்ட குடுன்னு லிங்கன்னு ஒருத்தரைக் காட்டுனாரு. ஆப்ரகாம் லிங்கன் இல்ல, இவரு பெஞ்சமின் லிங்கன். அதுக்கு முந்தின வருஷம்தான் சார்ல்ஸ்டன்ல இங்கிலீஷ்காரங்ககிட்ட இவரு சரணடைஞ்சு அவமானப்பட்டாரு. பழி தீர்த்துக்க அவரை நிக்க வெச்சாரு வாஷிங்டன்.

ஆக, தோத்தது யாரோ, வாளைக் குடுத்தது யாரோ, வாங்குனதும் யாரோ. ராத்திரி சர்வர் படுத்துக்கிச்சுன்னா, கிளையன்ட்டு கால்ல உன்னை உக்காத்தி வெச்சுட்டு உன் மேனேஜருக்குத் திடீர்னு நெட்டு போயிடும்னு போன மாசம் பொலம்புன இல்ல? நீதான்டா ஓஹாரா. உன் மேனேஜரு ஒண்ணும் மொதல் ஆளு இல்ல. 240 வருஷத்துக்கு முன்னாலயே ரூட்டு போட்டு வெச்சிருக்காங்க.

அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தைத் தோத்துட்டு வந்தவரை இங்கிலீஷ்காரன் இன்னா பண்ணுவான்? வேலையை விட்டுத் தூக்குவான்னு நெனப்ப. ‘கெட்டும் பட்டணம் சேர்’னு நம்ம பெரியவங்க நமக்குச் சொல்லி வெச்சாங்க. அந்தச் சொல்லை மதிச்சு நடந்தவரு கார்ன்வாலிஸ் தொரைதான். 1786-ல இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலா வந்து எறங்குனாரு. அங்க ஒரு ஊரைக் காப்பாத்த முடியாதவருக்கு இங்க ஒரு தேசம். திப்பு சுல்தானோட சண்டை வந்தப்போ, நானே போறேன்னு 1790 டிசம்பர்ல நம்ம மதராஸுக்கே வந்துட்டாரு. ரெண்டு வருஷத்துல ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்ல போயி நின்னாரு. திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் குடுத்து, மூணு கோடி முப்பது லட்சம் ரூபா தர்றதா ஒத்துக்கினு, அத்த ஒழுங்கா கட்டுவேன்னு காட்ட, பெத்த புள்ளைங்க ரெண்டு பேரைப் பிணையா அனுப்ப வேண்டியதாப் போச்சு. பால் மணம் மாறாத பசங்க. மதராஸுலதான் கொண்டாந்து வெச்சிருந்தாங்க.

நான் காவல் காத்த சிலையோட பீடத்துல அந்தக் காட்சியைத்தான் செதுக்கி வெச்சிருக்கான் தாமஸ் பேங்க்ஸுன்ற சிற்பி. சின்னப்பசங்க நிக்கிறாங்க, தொரை கை நீட்டுறாரு. மேல தொரை கம்பீரமா நிக்கிறாரு. பள்ளிக்கூடத்துல ஹாக்கி ஆடசொல்ல கண்ணுல அடிபட்டு அவருக்கு லேசா மாறுகண்ணாம். அதனால யாரை மொறைக்கிறாருன்னு சிலையில கண்டுபுடிக்க முடியாதுன்னு நானே ஒரு கதை கட்டி ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லுவேன். யார்க்டவுன் பத்தி அந்தப் பீடத்துல ஒரு கீறல் உண்டா? கெடையாது. பாராட்டுவிழாவுல எவனாவது பழைய அரியர் லிஸ்டை வாசிப்பானா? தேனாம்பேட்டையில செனடாப் ரோடுன்னு இருக்கு பாரு, அதுகூட அவருக்குக் கட்டுன நினைவு மண்டபத்தாலதான். ஆளு செத்தது, பொதைச்சது எல்லாம் 1805-ல வடக்கே காஸிப்பூர்ல. மதராஸ்காரன் ஆளே இல்லாத கல்லறைக்கு ரோடு வெச்சு இன்னிக்கி வரைக்கும் ஆட்டோக்காரன்கிட்ட வழி சொல்லிக்கினு இருக்கான்.

நீ ஒண்ணு கேட்ப. அமெரிக்காச் சண்டைக்கும் நமக்கும் இன்னா சம்பந்தம், ஒரு ஆளு அங்கேர்ந்து இங்க வந்தா போதுமான்னு. அதுக்கும் பதில் இருக்குது. அமெரிக்காவுல பிரெஞ்சுக்காரன் கை வெச்சதும், அந்தச் சண்டை சுத்தி வந்து நம்ம கடக்கரையிலயும் எரிஞ்சுது. ஹைதர் அலிப் படை 1780-ல நம்ம செங்கல்பட்டு சீமையைத் தீய்ச்சுட்டுப் போச்சு. காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல கும்பினிப் படையை அடிச்சு நொறுக்குனாங்க. 1782-ல சதுரங்கப்பட்டணத்துக் கடல்ல, நம்ம கல்பாக்கத்துப் பக்கம்தான், பிரெஞ்சுக் கப்பலும் இங்கிலீஷ் கப்பலும் மோதிக்கிச்சு. 1783 ஜனவரியிலயே ஐரோப்பாவுல சமாதானக் கையெழுத்து போட்டாச்சு. சேதி இங்க வந்து சேரல. ஜூன் மாசம் கடலூர்ல அடிச்சுக்கினு செத்துக்கினு இருக்காங்க, முடிஞ்சு போன சண்டைக்காக! அமெரிக்கா சொதந்திரப் போரோட கடைசிச் சண்டை கடலூர்ச் சண்டைதான்னு சொல்ற ஆளுங்க உண்டு. மெயில் அனுப்பிட்டேன், பார்க்கலியான்னு கேக்குறவன்கிட்ட இனிமே கடலூர்னு சொல்லு, போதும்.

சரி, அந்த அமெரிக்காக்காரன் எதுக்கு ராஜாவை எதுத்தான்? வரி. அதுக்கும் இதே தேதிதான். 1765 அக்டோபர் 19-ல நியூயார்க்குல ஒன்பது காலனியிலேர்ந்து ஆளுங்க கூடி ஒரு தீர்மானம் போட்டாங்க. பத்திரத்துக்கு ஸ்டாம்பு, பேப்பருக்கு ஸ்டாம்பு, சீட்டுக்கட்டுக்குக்கூட ஸ்டாம்புன்னு பார்லிமென்ட்டு வரி போட்டுச்சு. எங்க ஆளு ஒருத்தன்கூட உங்க சபையில இல்லாம எங்ககிட்ட எப்படிடா வரி வாங்குவ, அது எங்க உரிமைன்னு எழுதி அனுப்புனாங்க. மறுவருஷமே ஸ்டாம்பு வரியை வாபஸ் வாங்கிக்கினாங்க.

அதே 1765-ல நம்ம பக்கம் இன்னா நடந்துச்சு? ஆற்காட்டு நவாப் 1763-ல நம்ம செங்கல்பட்டு சீமையையே ஜாகீரா கும்பினிக்கு எழுதிக் குடுத்தாரு. 1765-ல டில்லி பாதுஷாவும் அதுக்கு முத்திரை போட்டாரு. உங்க ஊரை ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுக்குறோம், நெல்லு வெளைஞ்சா இனிமே அவனுக்கு அளங்கன்னு எங்க முப்பாட்டன் ஒருத்தனையாவது கூப்பிட்டுக் கேட்டாங்களா? அங்க கேக்காம வரி போட்டா காங்கிரஸு கூடுது. இங்க கேக்காம ஊரையே குடுத்தாலும் ஏரிக்கரையில நாத்து நட்டுக்கினு இருந்திருக்காங்க. அவங்களுக்கு அப்ப பேப்பர் இல்ல, காலனியும் இல்ல. அப்பால அந்த கார்ன்வாலிஸ் தொரை 1793-ல வங்காளத்துல நிலத்துக்கு ‘இவ்வளவுதான் வரி, என்னிக்கும் மாறாது’ன்னு சாசுவதமா ஒரு ஏற்பாடு போட்டாரு பாரு, அது 1802-ல நம்ம செங்கல்பட்டுக்கும் வந்துச்சு. கெராமங்களைக் கூறு போட்டு ஏலம் விட்டாங்க. எடுத்தவன்ல பல பேரு கட்ட முடியாம கவுந்தான். வரியால ஒரு நாட்டைத் தோத்த ஆளு, வரி போடுறதுல பேரு வாங்குனது நம்ம நாட்டுலதான்.

உப்பைச் சொல்லாம விட்டா கதை நிக்காது. நீ ஞாயித்துக்கெழம பிரியாணி துன்னப் போறியே கேளம்பாக்கம், அங்கேர்ந்து கோவளம் போற ரோட்டுல வெள்ளையா பாத்தி பாத்தியா தெரியுதே, அது ஏதோ ரியல் எஸ்டேட் பிளாட்டு இல்ல நைனா, உப்பளம். இந்தக் கடக்கரை உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில படகேறி மதராஸுக்குப் போகும். 1805-ல உப்பை கும்பினி தன் கையில எடுத்துக்கிச்சு. கண்ணெதிர கடல், கைநீட்டுற தூரத்துல உப்பு, எடுத்தா குத்தம். அந்தக் கோவத்துல 1930-ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரே, அப்ப கூட நடந்தவங்க வாயில ஒரு பாட்டு இருந்துச்சு. எழுதுனவரு நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ரெண்டு வருஷம் கழிச்சு அவரும் ஜெயிலுக்குப் போனாரு. சொதந்திரம் வந்ததும் 1949-ல அரசவைக் கவிஞர் ஆனாரு.

அவரு பொறந்த தேதி தெரியுமா? 1888 அக்டோபர் 19.

சிரிக்காத, இன்னும் இருக்குது. பொறந்தது மோகனூர், அன்னிக்கி சேலம் ஜில்லா. அந்தச் சேலம் சீமை கும்பினி கையில எப்ப வந்துச்சு? 1792-ல திப்பு குடுத்த பாதி ராஜ்ஜியத்துல சேர்ந்து வந்துச்சு. வாங்குனவரு நம்ம மாறுகண் தொரை. இப்ப கோட்டைக்குள்ள போயிப் பாரு. ஒரு பக்கம் மியூசியத்துல கல்லா நிக்கிறாரு கார்ன்வாலிஸ். அதே காம்பவுண்டுல பத்து மாடிக்கு எழுந்து நிக்குது தலைமைச் செயலகத்துக் கட்டடம், பேரு நாமக்கல் கவிஞர் மாளிகை. அக்டோபர் 19-ல தோத்தவருக்கு ஒரு மூலையில எடம். அதே தேதியில பொறந்தவரு பேருல இருக்குற கட்டடத்துலதான் அரசாங்கத்து ஃபைலெல்லாம் மாடி ஏறி எறங்குது. நான் மத்தியானச் சோத்தைக் கையில வெச்சுக்கினு ரெண்டையும் மாறி மாறிப் பார்ப்பேன். யாருகிட்டச் சொன்னா நம்புவாங்க? வாட்ச்மேன் வெயில்ல நின்னு மூளை காய்ஞ்சுட்டான்னு சொல்லுவாங்க.

இந்த ஃபைல் விஷயத்துக்கு வந்தா நம்ம ஊரு உள்ள நொழையுது. இந்த ராஜீவ் காந்தி சாலையில, உன் அபார்ட்மென்ட்டுக்கும் உன் ஆபீஸுக்கும் நடுவுல, குறுக்கால ஒரு டோல்கேட்டு இருந்துச்சே ஞாபகம் இருக்குதா? பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கமெல்லாம் மெட்ரோ வேலைன்னு 2021-லயே வசூலை நிறுத்துனாங்க. நாவலூர்ல மட்டும் கேட்டு மூடித் தெறந்துக்கினே இருந்துச்சு. ஊரு நம்முது, ரோடு நம்ம நெலத்துல போனது, எரு வண்டி ஓட்டுன எடத்துல கார்ல போறவன் காசு குடுத்துக்கினு இருந்தான். கடைசியில அது நின்னது எப்போன்னு பாரு. முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சு 2023 அக்டோபர் 19-லேர்ந்து நாவலூர்ல வசூல் கெடையாதுன்னு ஆச்சு.

1765 அக்டோபர் 19, நியூயார்க்கு. 2023 அக்டோபர் 19, நாவலூர். உன் கிளையன்ட்டுக்கு இத்த சொல்லு. உங்க ஊருல ஒரு தீர்மானம் போட்டு, ஒரு புரட்சி பண்ணி, எட்டு வருஷம் சண்டை போட்டீங்க. எங்க ஊருல ஒரு சொட்டு ரத்தம் சிந்தல, ஆரன் அடிச்சே காரியத்தை முடிச்சோம்னு பெருமையாச் சொல்லு. அப்பால ஆறு வழிச் சாலையில மெட்ரோக்காரன் பள்ளம் தோண்டுறதையும், அதுல நீ ஆபீஸுக்கு எத்தினி மணிக்குப் போய்ச் சேர்ந்தன்றதையும் சொல்லாத. காசு இல்லாத ரோட்டுக்கு நேரம்தான் கட்டணம்.

இதுவரைக்கும் வரி, சண்டை. இனிமே சொல்றது உன் அப்ரைசலுக்கு. ரெண்டு வருஷமா ஹைக் வரலன்னு போன தடவை இந்தக் கல்லு மேல உக்காந்து மூக்கைச் சிந்துன இல்ல? சுப்பிரமணியன் சந்திரசேகர்னு ஒருத்தரு. பொறந்தது 1910 அக்டோபர் 19, லாகூர்ல, அப்பாவுக்கு ரயில்வே கணக்குல வேலை. சின்ன வயசுலயே குடும்பம் மதராஸுக்கு வந்துடுச்சு. திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல், அப்பால பிரசிடென்சி காலேஜ். சர் சி.வி. ராமனுக்குத் தம்பி முறை இல்ல, அண்ணன் மவன். 1930-ல பத்தொன்பது வயசுல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுனாரு. கூடப் போறவன் வாந்தி எடுத்துக்கினு படுத்திருப்பான். இவரு கப்பல்ல உக்காந்து நட்சத்திரம் எப்படிச் சாவுதுன்னு கணக்குப் போட்டாரு. சூரியனைவிட ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மி, அதுதான் எல்லை. எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம் அதுக்கு மேல கனமா இருந்தா, தன் பாரத்தைத் தானே தாங்க முடியாம உள்ளாற இடிஞ்சு போவும். ஏரியைத் தூத்து மாடி மேல மாடி வைக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கை யாராவது சொன்னா தேவலை.

1935-ல லண்டன்ல அவரு இத்த எடுத்துச் சொன்னாரு. எடிங்டன்னு ஒரு பெரிய வாத்தியாரு, அடிக்கடி பக்கத்துல உக்காந்து பேசிக்கினு இருந்தவரு, அடுத்தாப்புல எழுந்து சபையிலயே கேலி பண்ணிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரு மல்லுக்கு நிக்கல, மூட்டையைக் கட்டிக்கினு 1937-ல சிகாகோ யூனிவர்சிட்டிக்கு வேலைக்குப் போயிட்டாரு. 1953-ல அமெரிக்காக்குடிமகன் ஆனாரு. வேற வேற கணக்கை எடுத்து வருஷக்கணக்கா பண்ணிக்கினே இருந்தாரு. 1983-ல அவருக்கு நோபல் பரிசுன்னு சேதி வந்துச்சு. சேதி வந்த தேதி அக்டோபர் 19. எழுபத்திமூணாவது பொறந்தநாளு! கப்பல்ல போட்ட கணக்குக்கு அம்பது வருஷம் கழிச்சு ரேட்டிங் குடுத்தாங்க நைனா. எடிங்டன் அதுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டாரு. நான் உன்னை அம்பது வருஷம் காத்துக்கினு இருன்னு சொல்லல. கேலி பண்ற மேனேஜர் இருந்தா, கணக்கை விட்டுடாம கம்பெனியை மாத்திக்கோன்னு சொல்றேன்.

அதே 1983, அதே அக்டோபர் 19, அமெரிக்கா செனட்டுல ஒரு ஓட்டெடுப்பு. மார்ட்டின் லூதர் கிங் பேருல தேசிய லீவு வுடலாமா, வேணாமா? வுடலாம்னு 78 ஓட்டு, வேணாம்னு 22. இதுல ஒரு குறும்பு இருக்குது. 1960-ல அட்லாண்டாவுல ஒரு பெரிய கடையோட சாப்பாட்டுக்கூடத்துல, கறுப்பனுக்குச் சோறு போட மாட்டோம்னு சொன்னதுக்கு, போடுற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்னு பசங்களோட உக்காந்தாரு கிங். போலீஸு புடிச்சுக்கினு போச்சு. அந்தத் தேதியும் அக்டோபர் 19. உள்ள தள்ளுன தேதியிலயே, இருபத்திமூணு வருஷம் கழிச்சு, அவருக்காக ஆபீஸை மூடுறோம்னு கை தூக்குனாங்க. அவரு 1959-ல நம்ம மதராஸுக்கும் வந்தாரு, காந்திகிராமம், மதுரையெல்லாம் பார்த்தாரு. காந்தி தாத்தா ஊரைப் பார்க்கணும்னு வந்தவரு. நம்ம ஊரு டீக்கடையில யாருக்கு எந்த கிளாஸுன்னு அன்னிக்கி அவரு எட்டிப் பார்த்திருந்தா இன்னா நெனச்சிருப்பாரோ, எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன். அந்த லீவு வர்றது ஜனவரி மூணாவது திங்கக்கெழம. நம்ம பொங்கலை ஒட்டித்தான் வரும். மாட்டுப்பொங்கலுக்கு உன்னை லேப்டாப்போட உக்காத்தி வெச்சவன், ரெண்டு நாளு கழிச்சு அவன் லீவுன்னு ஆபீஸைப் பூட்டிக்கினு போயிடுவான். அன்னிக்கி யாரும் இல்லாத ஊருல நீ கரும்பு கடிச்சுக்கோ.

1987-லயும் ஒரு அக்டோபர் 19 இருக்குது. அன்னிக்கி திங்கக்கெழம. நியூயார்க்கு பங்குச் சந்தை ஒரே நாளுல நூத்துக்கு இருபத்திரெண்டுக்கு மேல சரிஞ்சுது, டோ ஜோன்ஸ் கணக்குல 508 புள்ளி. அந்தப் பக்கம் ரொம்ப எட்டிப் பார்க்காத, உன் மாமனாரு ஷேர் மார்க்கெட்டுல போட்டிருக்காருன்னு கேள்விப்பட்டேன்.

ஆக அஞ்சு நிமிஷத்துல எத்த சொல்றது, எத்த வுடுறதுன்னு கேக்குற. யார்க்டவுனை மொதல்ல வெய்யி, அது அவங்களுக்குப் புடிக்கும். அதோட நிறுத்திட்டு மூச்சு வாங்கு. ‘அந்த கார்ன்வாலிஸ் அப்புறம் எங்க போனாரு?’ன்னு நீயே கேளு. பத்துல ஒன்பது பேருக்குத் தெரியாது. அவங்க படிக்கிற கதை வாளைக் குடுத்ததோட முடிஞ்சு போவும். நம்ம தலையில அவரு ஏறுனதுலேர்ந்துதான் நமக்குக் கதை ஆரம்பிக்குது. அங்க கொஞ்சம் மெதுவாப் பேசு. அப்பால சந்திரசேகரைச் சொல்லு, அவரு எங்க பட்டணத்துப் புள்ள, உங்க நாட்டுக் குடிமகன்னு சொல்லு. ரெண்டு பக்கமும் கை தட்டுவாங்க. டோல்கேட்டைக் கடைசியில சிரிச்சுக்கினே சொல்லு. ஓஹாரா கதையை மட்டும் உன் மேனேஜர் கால்ல இருக்கசொல்ல சொல்லாத. சொல்லித்தான் தீருவேன்னா, அவரு பேரைச் சொல்லாம மூஞ்சியை மட்டும் பாரு.

இன்னொண்ணு. இத்தையெல்லாம் எங்க படிச்சேன்னு கேட்டா நாவலூர்ல ஒரு பெரியவருன்னு சொல்லு, பரவாயில்ல. அதுல ஏதாச்சும் கோவம் வந்து, அந்தப் பெரியவரை கால்ல கொண்டான்னு கேட்டாங்கன்னா, அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி நீயே பேசிக்கோ.